அடிவாரத்தில் என்ன கடை?

கரிசல்காட்டு மனிதன் மலை ஏறுவதற்கு இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று நேர்த்திக்கடன், இன்னொன்று ஓடிப்போன ஆடு. இரண்டும் இல்லாமல் ஒருவன் உச்சிப்பாறையில் நின்றால், வீட்டில் ஏதோ சண்டை என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

இப்படிப்பட்ட எங்களை மலையேற வைத்தவர், மான்செஸ்டரிலிருந்து விடுமுறைக்கு வந்த மாப்பிள்ளை. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற அண்ணாச்சிக்கு மருமகன். "அங்க ஞாயித்துக்கிழமை வெயில் அடிச்சாப் போதும் மாமா. கூட்டமாக் கெளம்பி மலைக்குப் போயிருவோம். இறங்குற எடத்துல ஒரு பப் இருக்கும். உக்காந்து ஆளுக்கொரு பீர், சாப்பாடு, பேச்சு…"

எங்கள் ஊரில் வெயில் அடிப்பது ஒரு செய்தியே இல்லை. அதை அவர் அவ்வளவு ஏக்கத்தோடு சொன்னதும் அண்ணாச்சி பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை விடவில்லை. மலையில் நடக்கும் உரிமைக்காக 1932-இல் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேல் தொழிலாளிகள் கூட்டமாக அத்துமீறி ஏறினார்களாம். அதற்காகச் சிலர் ஜெயிலுக்கும் போனார்களாம். நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம். எங்களை எந்த மலையிலும் ஏறாதே என்று யாரும் தடுத்ததில்லை. ஏறச் சொல்லித் துரத்துவதற்குத்தான் சர்க்கரை டாக்டரும் வீட்டம்மாக்களும் இருக்கிறார்கள்.

கழுகுமலை என்று முடிவானது. கோவில்பட்டியிலிருந்து 20 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், அதன்பிறகு நடப்பதாகத் திட்டம். கழுகாசலமூர்த்தி மலையைக் குடைந்த கோயிலுக்குள் இருப்பதால், அவரைச் சுற்ற வேண்டுமானால் மலையையே சுற்றியாக வேண்டும். "சுத்துறதோட நிறுத்திக்கலாமே, ஏறணுமா?" என்று முதல் எதிர்ப்புக் குரல் கொடுத்தவர் எங்கள் பழைய ஹாக்கி வீரர். கோவில்பட்டியில் தெருவுக்கு ஒரு ஹாக்கி வீரர் உண்டு. எங்கள் ஆள் ஒரு காலத்தில் லெஃப்ட் அவுட்டில் பறந்தவர். இப்போது அவருடைய முழங்கால் அவருக்கு முன்னால் பேசும்.

மாசி மாதம், காலை எட்டு மணிக்கே பாறை தோசைக்கல்லாய்க் காய்ந்திருந்தது. மாப்பிள்ளை காலில் மலையேறும் பூட்ஸ், கையில் மடக்குத் தடி, முதுகில் தண்ணீர் உறிஞ்சும் குழாய் வைத்த பை. அண்ணாச்சி ரப்பர் செருப்போடு வந்து, அதையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஏறினார்.

சமணச் சிற்பங்களுக்கு எதிரே நிழல் கிடைத்தது. வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. அவர் நலனுக்காக இவர் செய்வித்தது என்று பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிறார்கள். "அன்னைக்கே ட்யூப்லைட்டுல உபயம் எழுதுற ஆளுக இருந்திருக்காக" என்றார் அண்ணாச்சி. கணக்குப் பார்த்த மனிதருக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான்.

ஹாக்கி வீரருக்கு உயிர் வந்தது வெட்டுவான் கோயிலில். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். அத்தனை அழகும் மேலேதான், அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. மேலே தகப்பன் சிற்பி, கீழே மகன் சிற்பி, போட்டியில் தகப்பன் மகனைக் கொன்றுவிட, வேலை நின்றது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஹாக்கி வீரருக்குக் கதை தேவைப்படவில்லை. "பாண்டிய ராசாவே பாதியில விட்ட மலை இது. நாம உச்சிக்குப் போனா அது மரியாதையா?" என்று சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆயிரத்து இருநூறு வருஷத்தில் அந்தக் கோயிலை இப்படி ஒருவர் பயன்படுத்தியிருக்க மாட்டார்.

அவரை எழுப்ப, மாப்பிள்ளை பையிலிருந்து பளபளக்கும் உறையில் 'எனர்ஜி பார்' எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டு உறையைப் படித்தார். நிலக்கடலை, பாகு. விலையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்க் கடலைமிட்டாய். "இதையா மாப்ளே அந்த வெலைக்கு வாங்குதீக?" மாப்பிள்ளை பொட்டலத்தில் பாதியைத் தின்ற பிறகுதான் பதில் சொன்னார்.

உச்சியில் காற்று நன்றாக இருந்தது. சுற்றிலும் கறுப்பு நிலம், மேற்கே மலைத்தொடர் மங்கலாக. பத்து நிமிஷம் பார்த்தோம். அதற்குமேல் பசித்தது.

"சரி, பப்புக்குப் போகலாமா?" என்றார் மாப்பிள்ளை, இறங்கியதும்.

பதில் சொல்வதில் பல சிக்கல்கள் இருந்தன. 2003-லிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசாங்கத்தின் டாஸ்மாக்கிடம். கடை திறப்பது பகல் பன்னிரண்டுக்கு, அப்போது மணி பத்தரை. அங்கே உட்கார்ந்து யாரும் மலையழகைப் பேசுவதில்லை, சுவரைப் பார்த்து நின்று குடித்துவிட்டு, தெரிந்தவன் வருமுன் போய்விடுவார்கள். "ஃபேமிலியோட வரலாமா?" என்று அவர் கேட்டபோது நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கோபுரத்தைப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் மேல், மாமனாரும் மருமகனும் ஒரே மேசையில் கிளாஸை முட்டிக்கொள்ள இங்கே எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

ஆகவே பெட்டிக்கடை பெஞ்சு. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோ, ஆளுக்கொரு பாட்டில். தொட்டுக்கொள்ளச் சாத்தூர்ச் சேவு. ஏறியபோது மூச்சுக்கூட விடாதவர்கள் இப்போது ஒரே நேரத்தில் பேசினோம். வழுக்குப்பாறையில் மாப்பிள்ளையைத் தாங்கிப் பிடித்தது தான்தான் என்று மூன்று பேர் சொன்னார்கள். ஹாக்கி வீரர் உச்சியில் அடித்த காற்றை விவரித்தார். அவர் வெட்டுவான் கோயிலைத் தாண்டவே இல்லை. மாப்பிள்ளை நுரையைத் துடைத்துக்கொண்டு, மான்செஸ்டரிலும் இதேதான் நடக்கும் என்றார்.

வெயில் ஏற ஏறப் பேச்சும் ஏறியது. இரண்டாவது பாட்டில் உடைபட்டபோது ஹாக்கி வீரருக்கு வீரம் முற்றிவிட்டது. "அடுத்த வாரம் குருமலை!"

அண்ணாச்சி சேவுப் பொட்டலத்தின் அடியைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "அடிவாரத்துல என்ன கடை இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை.

"அப்ப ஒருத்தர் மட்டும் முதல்ல போய்க் கடையப் பாத்துட்டு வரட்டும்" என்றார் அண்ணாச்சி. "பஸ்ஸுல போனாப் போதும்."