54 டிகிரி ஆசாமி

ஐதராபாத்தின் கொண்டாப்பூர் அபார்ட்மென்ட்களில் பிளாக்குக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பூர்வீகம் திருநெல்வேலியோ திருச்சியோ. வேலை ஹைடெக் சிட்டியில். நடுவில் கொஞ்ச காலம் டல்லாஸில் ஆன்சைட். போகும்போது கறி வெந்ததா என்று மட்டும் பார்த்தவர், எத்தனை டிகிரியில் வெந்தது என்று விசாரிப்பவராகத் திரும்பியிருப்பார்.

சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் இறைச்சிக்கான தெர்மாமீட்டர். துண்டின் நடுப்பகுதி 50 டிகிரி செல்சியஸ் என்றால் ரேர், 54 முதல் 57 வரை மீடியம் ரேர், 60 மீடியம், 70-ஐத் தாண்டினால் வெல்டன். இந்த வாய்ப்பாட்டை யாரும் கேட்காமலேயே ஒப்பிப்பார். யாராவது வெல்டன் ஆர்டர் செய்தால் அவர் முகத்தில் துக்க வீட்டுக் களை வந்துவிடும்.

தட்டில் சிவப்பாகக் கசிவதைப் பார்த்து "ஐயோ, ரத்தம்!" என்று ஒருவர் அலறினால் போதும். "ரத்தம் இல்லைங்க, மயோகுளோபின். தசையில இருக்கிற புரதம்" என்று ஆரம்பித்துவிடுவார். தகவல் சரிதான். கேட்டவர்தான் அதற்குள் பன்னீருக்கு மாறியிருப்பார்.

ஞாயிறு காலை கறிக்கடை. ஐதராபாத்தில் ஆட்டுக்கறி 'சோட்டே கா', எருமைக்கறி 'படே கா'. பசுவதைக்கு 1977-லேயே சட்டம் தடை போட்டுவிட்டதால் இங்கே ஸ்டேக் என்றால் பெரும்பாலும் எருமைதான். இவர் "ரிப் ஐ இருக்கா?" என்பார். கடைக்காரர் கத்தியைத் தீட்டியபடியே "அண்டர்கட் ஹை, சாப்" என்பார். முதுகெலும்பை ஒட்டி, அதிகம் உழைக்காமல் கிடக்கும் தசை அது. மிருதுவாக இருப்பதும் அதனால்தான்.

வீட்டில், அம்மா கொடுத்தனுப்பிய இரும்பு தோசைக்கல் புகைய ஆரம்பிக்கும். கறியை ஈரம் போகத் துடைத்துப் போட்டால்தான் மேலே பழுப்பேறி மணக்கும். அந்த வேதிவினையை 1912-இல் விளக்கிய பிரெஞ்சுக்காரர் மையாருக்கு அடுப்படியில் தினமும் அர்ச்சனை உண்டு. இறக்கியபின் ஐந்து நிமிடம் யாரும் தொடக்கூடாது, கறி ஓய்வெடுக்கவேண்டும்.

"அது என்ன வேலை பார்த்துச்சுன்னு ஓய்வு?" என்பார் மனைவி. "ஏங்க, கடையில மரக்கட்டை மேல கிடந்த கறி. எனக்கு நல்லா வேகட்டும்."

முழுத்துண்டுக்கே 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. அந்த ஒரு வரி மட்டும் அவர் வாய்ப்பாட்டில் வராது.

அவரைத் திணறடிப்பது பத்தர் கா கோஷ்ட். கரிநெருப்பில் காய்ந்த கிரானைட் பலகை; அதன்மேல் பச்சைப் பப்பாளியும் மசாலாவும் போட்டு ஊறவைத்த மெல்லிய ஆட்டுக்கறித் துண்டுகள். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் வேட்டை முகாமில் பிறந்த பண்டம் என்பது ஊர்ப்பேச்சு. எப்படி வேகணும் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. துண்டின் கனத்துக்குத் தெர்மாமீட்டரைச் செருகவும் வழியில்லை. அதைப் பைக்குள் திருப்பிவைத்துவிட்டு, "டெக்னிக்கலா இது வெல்டன்" என்று தீர்ப்பளித்தபடியே இரண்டாவது பிளேட்டை முன்னால் இழுத்துக்கொள்கிறார்.