பொங்கிய பாலும் பிறந்த வரியும்: இல்லத்தில் கற்பனை ஊற்றெடுக்கும் முறை பற்றிய ஓர் ஆராய்ச்சி

கற்பனை எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்கு அழகியல் நூலோர் கூறியுள்ள விடைகள் பெரும்பாலும் மலை, கடல், நிலவு, காதல் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்திருக்க, நாள்தோறும் விடியலில் அடுப்பில் ஏற்றப்படும் அரை லிட்டர் பால் இத்துறையில் ஆற்றிவரும் பணி போதிய கவனம் பெறாமல் போனது வியப்புக்குரியது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை முற்படுகிறது. பால் பொங்கி வழியும் கணமும் மனத்தில் புதிய எண்ணம் தோன்றும் கணமும் ஒன்றே என்பதும், வழிந்ததைத் துடைத்தவர் யார் என்று கேளாமல் கலை வரலாறு முழுமை பெறாது என்பதும் இதன் துணிபு.

முதற்கண் பாலின் இயல்பை அறிதல் வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது அடியிலிருந்து எழும் ஆவிக் குமிழிகள் மேலே வந்து உடைந்துவிடுவதால் அது பெரும்பாலும் பாத்திரத்துக்குள்ளேயே குதித்து அடங்குகிறது. பாலிலோ, சூடு ஏற ஏறப் புரதமும் கொழுப்பும் மேற்பரப்பில் ஆடையாகப் படிய, கீழிருந்து வரும் ஆவி அதனடியில் அடைபட, புரதம் போர்த்திய குமிழிகள் எளிதில் உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற, நுரை முழுவதும் ஒரே மூச்சில் விளிம்பைத் தாண்டிவிடுகிறது. அசைவற்றுக் கிடந்த பால் அடுப்பை அணைக்கும் அளவுக்கு வழியச் சில நொடிகளே போதும். ஆகவே அதன் அருகில் ஒருவரை நிறுத்திவைக்கும் வழக்கம் தோன்றியது. 'பாலைக் கொஞ்சம் பார்த்துக்கோ, இதோ வந்துடறேன்' என்னும் வாய்மொழி ஆணையால் அவ்வாறு நியமிக்கப்படுபவரை இக்கட்டுரை 'காப்பாளர்' என்று குறிக்கும்.

காப்பாளரின் நிலை தனித்தன்மை உடையது. அவர் வேலை செய்வதில்லை. ஆனால் ஓய்வாகவும் இல்லை. இடத்தை விட்டு நகரக் கூடாது. நின்ற இடத்தில் செய்வதற்கும் ஒன்றுமில்லை. கண்ணுக்கு ஒரு கடமை இருக்க மனத்துக்கு எக்கடமையும் இல்லாத இந்த அரைவேலை நிலையில், பார்வை பாத்திரத்தை விட்டு மெல்ல அடுக்களைச் சன்னலுக்கு நகர்கிறது. அங்கே முருங்கை மரத்தில் தலைகீழாக இறங்கும் அணில், தண்டோடு ஒட்டிக் கிடக்கும் கம்பளிப்பூச்சிக் கூட்டத்துக்கு ஒரு சாண் மேலே நின்று, முன்னங்காலைத் தூக்கி, யோசித்து, வந்த வழியே திரும்புகிறது. அந்த யோசனையைக் கண்டதும் காப்பாளருக்கு ஒரு வரி தோன்றுகிறது. பின்னால் பால் சீறுகிறது. தாளும் பேனாவும் தயாராக வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் காத்திருந்தால் கற்பனை வரும் என்று வாதிடும் சாய்வு நாற்காலிக் கொள்கையினர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: அந்நாற்காலியில் தவறாமல் வருவது உறக்கம் ஒன்றே.

இந்நிகழ்வைத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் முறையிலும் வகைப்படுத்தலாம். நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருள் இங்கே அடுக்களையும் விடியலும் ஆகும். அந்நிலத்துக்கே உரிய பொருள்களாகிய கருப்பொருளில் உணவு காபி, மரம் முருங்கை, பறவை காகம், பறை குக்கர் விசில். தெய்வம் நாட்காட்டிப் படத்தில் மாட்டப்பட்டிருப்பது எதுவோ அது. அகத்தே நிகழும் ஒழுக்கமாகிய உரிப்பொருளைக் கவனம் தவறுதலும் தவறுதல் நிமித்தமும் எனக் கொள்வதே பொருத்தம். யாழுக்கு மட்டும் இத்திணையில் இடமில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி அதை ஈடுசெய்கிறது.

மேல்நாட்டார் இதை அறியாதவர் அல்லர். ஆனால் பாதியே அறிந்தனர். ஆங்கில அறிஞர் கிரகாம் வாலஸ் 1926-இல் வெளியிட்ட நூலில் ஆக்கச் சிந்தனைக்கு நான்கு படிகள் வகுத்தார்: பொருளைத் திரட்டும் தயாரிப்பு, அதை மனத்தடியில் கிடக்க விடும் அடைகாத்தல், திடீரெனத் தோன்றும் ஒளி, தோன்றியதைச் சோதித்துப் பார்க்கும் சரிபார்ப்பு. இப்பகுப்புக்கு அவர் துணைகொண்டது ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஓர் உரை. தம் எழுபதாம் பிறந்தநாள் விழாவில், 1891-இல், தமக்கு நல்ல எண்ணங்கள் எழுதுமேசையில் வந்ததில்லை என்றும், வெயில் காயும் நாளில் காடடர்ந்த குன்றுகளில் மெல்ல ஏறும்போதே வந்தன என்றும் அவர் கூறியிருந்தார். அழகான செய்திதான். எனினும் குன்றேறச் சென்றவர் திரும்பி வந்ததும் பருகிய பானத்தைக் காய்ச்சியது யார், அது பொங்காமல் நின்று பார்த்தது யார் என்னும் செய்தி அவ்வுரையிலிருந்து வாலஸின் படிகளுக்குள் வந்து சேரவில்லை. இதனால் ஐந்தாம் படி விடுபட்டுவிட்டது. அதுவே 'துடைத்தல்'.

வாலஸுக்கு விடுபட்டதைக் கூடலூர் கிழார் விடவில்லை. குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில் அவர் காட்டும் இளம்பெண், முற்றிய தயிரைத் தன் மெல்விரலால் பிசைகிறாள்; பிசைந்த விரலை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள்; அதைத் துவைக்காமலே உடுத்திக்கொண்டு, தாளிதப் புகை கண்ணில் படிய, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. காதற்சிறப்பு என்றும் கற்பின் மாண்பு என்றும் இப்பாட்டை விதந்தோதுவோர் பலர். அதன் நடுவில் கிடப்பது ஒரு கைத்துடைப்பு என்பதைச் சொல்லத் தயங்குகின்றனர். கறைபட்ட ஆடையை நீக்கிவிட்டால் அது விருந்துக் குறிப்பாகச் சுருங்கிவிடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதோடு ஒப்பிட, கடன் வாங்கி வைத்திருந்த அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்த வரலாறு கவிஞரின் அருளுக்குச் சான்றாகப் பன்முறை சொல்லப்படுகிறது. அவர் மனைவி செல்லம்மாள் அன்று உலையில் என்ன போட்டார் என்பதை வினவும் ஆராய்ச்சி அந்த அளவுக்கு வளரவில்லை. குருவிகள் மட்டும் இலக்கியத்தில் கொழுத்துவிட்டன.

கற்பனை வந்தவரும் துடைத்தவரும் ஒருவராகவே அமைந்த அரிய சான்று ஆக்னஸ் பாக்கெல்ஸ். 1862-இல் பிறந்த இவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் நோயுற்ற பெற்றோரைப் பேணி வீட்டுவேலை செய்து வாழ்ந்தவர். அக்காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீரின் மேற்பரப்பு எண்ணெயாலும் சோப்பாலும் மாறுவதை அவர் கவனித்தார். கழுவி முடித்தவர் அத்தோடு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகாமல், தண்ணீர் நிரப்பிய தகரத் தொட்டியின் குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து, அதை முன்னும் பின்னும் நகர்த்தி, மாசு படிந்த பரப்பைச் சுருக்கியும் விரித்தும் அதன் இழுவிசையை அளந்தார். பட்டையை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் பரப்பின் அழுக்கு ஒதுங்கித் தூய நீர் வெளிப்பட்டது. ஐந்தாம் படியாகிய துடைத்தல் இங்கே ஆய்வு முறையாகவே உயர்ந்துவிட்டது. முடிவுகளை இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் பரிந்துரைக்க, 1891-இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் குன்றுகளைப் பற்றிப் பேசிய அதே ஆண்டு அது. அத்தொட்டியின் வழிவந்த கருவியைக் கொண்டு பரப்பு வேதியியலை வளர்த்த இர்விங் லாங்மியருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. தொட்டி இன்று லாங்மியரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. பாத்திரங்களுக்கு அப்படியொரு பேறு கிட்டவில்லை.

வாசலையும் இங்கே விட்டுவிட இயலாது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடனுழைத்தோரும் புள்ளிக் கோலங்களைக் கணினி மொழியியலின் கண்கொண்டு நோக்கி, குறியீடுகளை நிரலும் நிரையுமாக அடுக்கிப் படங்களை உருவாக்கும் விதித்தொகுதியாகிய அணி இலக்கணத்தோடு அவற்றை இணைத்து 1974-இல் கட்டுரை வெளியிட்டனர். இழையைக் கையெடுக்காமல் இழுத்து, பால்காரரின் சைக்கிள் வருவதற்குள் முடித்து, மறுநாள் தாமே பெருக்கித் தள்ளிய பெண்கள் அவ்விதிகளை வேறு பெயரால் அறிந்திருந்தனர். அல்லது பெயரே இடாமல் அறிந்திருந்தனர்.

இத்துறைக்கு அண்மைக் காலத்தில் நேர்ந்த ஊறுகள் இரண்டு. ஒன்று குக்கர். 'எத்தனை விசில் வந்தது?' என்று கூடத்திலிருந்து எழும் வினா, பாதி உருவான எந்த எண்ணத்தையும் கலைக்கவல்லது; எண்ணிக்கொண்டிருப்பவரால் எண்ண முடிவதில்லை. மற்றொன்று பால் குக்கர். இரட்டைச் சுவருக்கிடையே ஊற்றிய தண்ணீர் கொதித்து ஊதும் இப்பாத்திரத்தில் பால் வழிவதில்லையாதலால் காப்பாளர் பதவியே தேவையற்றதாகி, அவர் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். பாத்திரத்தின் குறுக்கே கரண்டியை வைக்கும் பழைய முறை இதற்கு மாறானது. அது நுரையைச் சற்றே தாமதப்படுத்தி, வரியை முடிக்க ஓரிரு நொடி அவகாசம் தருவதால் இலக்கியத்துக்கு இணக்கமானதாகக் கருதப்படும்.

இறுதியாக ஒரு மறுப்புக்கு விடை கூறவேண்டும். பால் பொங்குவதால் கற்பனை பிறக்கும் என்றால், தைத் திங்கள் முதல் நாளில் ஊரெங்கும் பொங்கி வழியும்போது கவிதையும் வெள்ளமாகப் பெருக வேண்டாமா என்று கேட்பர். பெருகாது. அன்று வீட்டார் அனைவரும் பானையைச் சூழ்ந்து நின்று, பொங்குவதையே எதிர்பார்த்து, பொங்கியதும் கூவுகின்றனர். ஒருவர் கவனமும் தவறுவதில்லை. அன்று கடையில் கிடைக்கும் பொங்கல் மலர்களில் உள்ள கவிதைகள் யாவும் அதற்கு முன்பே, மார்கழியின் ஏதோ ஒரு விடியலில், ஏதோ ஓர் அடுப்பில் சாதாரணப் பால் தீய்ந்தபோது எழுதப்பட்டவை.