ஆடிக்காற்றும் அரை டிக்கெட் மாலுமிகளும்

தேனி மாவட்டத்தில் எந்தத் திசையில் நடந்தாலும் கடைசியில் ஒரு மலைதான் வந்து நிற்கும், கடல் வராது. இந்தக் குறையை எங்கள் ஊர்க்காரர்கள் ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை. அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்தார். அது போதாதென்று 1986-ல் ‘கடலோரக் கவிதைகள்’ எடுத்தார். இரண்டுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு குமரி மாவட்டத்து முட்டம் வரை போனார். வைகை அணைக்காகச் சொந்த ஊர் தண்ணீருக்குள் போக, வடுகபட்டிக்குக் குடிவந்த குடும்பம் வைரமுத்துவுடையது. அவர் நடுக்கடலில் மாட்டிக்கொண்ட படகை வைத்து ‘தண்ணீர் தேசம்’ என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஆக, கடலைப் பற்றிப் பேச எங்களுக்குக் கடல் தேவையில்லை. என் வீட்டில் ஒரு படி மேலே போய், கடலிலேயே குடியிருப்பது என்று முடிவெடுத்திருந்தார்கள்.

முடிவெடுத்தவர்கள் இருவர். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன், யுகேஜி படிக்கும் மகள். காரணம் யூடியூப். வீட்டை விற்றுவிட்டுப் பாய்மரப் படகில் பிள்ளைகுட்டிகளோடு ஊர் ஊராகப் போகிற குடும்பங்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன; அத்தனை பேரும் வீடியோ போடுகிறார்கள். தாடி வைத்த அப்பா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தொலைவில் எதையோ பார்க்கிறார். பிள்ளைகள் படுக்கையிலிருந்து எழுந்ததும் கடலில் குதிக்கிறார்கள். யாரும் யாரையும் பல் விளக்கச் சொல்வதில்லை. என் மகனுக்கு அதுதான் முதலில் பிடித்துப்போனது.

“அதெல்லாம் வெள்ளைக்காரங்க பண்றதுடா” என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தான். இந்தியக் கடற்படையில் இருந்த கேப்டன் கௌரவ் கௌதம், அவர் மனைவி வைதேகி, மகள், ஒரு கிளி. வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு ‘ரீவா’ என்ற 42 அடிப் பாய்மரப் படகில் குடியேறியவர்கள். “இவங்க நம்ம நாட்டு ஆளுகதானப்பா? கிளி கூட இருக்கு!” எனக்கு வாயடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அதற்கு முன்பே எனக்கும் ஆசை வந்திருந்தது. தாடி எனக்கும் வளரும்.

சாதகங்களை யோசித்துப் பார்த்தேன். முதலாவது, காற்று. கம்பம் கணவாய் வழியாக ஆனியில் கிளம்பி ஆவணி வரைக்கும் அடிக்கிற மேல்காற்று சாதாரணமானதல்ல. அதை நம்பித்தான் கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். எங்கள் மொட்டை மாடியில் காயப்போட்ட போர்வை ஓர் ஆடி மாதத்தில் பெரியகுளம் ரோட்டைத் தாண்டிப் போனது. பாய்மரத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அடுத்தது தண்ணீர். இங்கேதான் சிக்கல். ஊரை ஒட்டி மீறுசமுத்திரம் கண்மாய் இருக்கிறது. பெயரில் சமுத்திரம் இருந்தாலும் உள்ளே ஆகாயத்தாமரைதான் குடியிருக்கிறது. அதோடு பாய்மரப் படகுக்கு அடியில் ‘கீல்’ என்று ஒன்று உண்டு. ஈயமோ இரும்போ வைத்த கனமான பாகம். காற்று படகைச் சாய்த்தால் அதுதான் நிமிர்த்தும். நாற்பது அடிப் படகு என்றால் அது தண்ணீருக்குள் ஆறடிக்கு மேல் இறங்கி நிற்கும். கண்மாயில் விட்டால் படகு கரம்பை மண்ணில் நட்டுக்கொண்டு அங்கேயே நிற்கும்; வரி போட்டுவிடுவார்கள்.

மகன் வேறு வழி கண்டுபிடித்தான். வைகையில் இறங்கினால் மதுரை, அப்புறம் கடல்! சமூக அறிவியல் புத்தகம் பார்த்துச் சொன்னான். பாவம், புத்தகம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. வைகையே கடலுக்குப் போக ஆசைப்படாத நதி. வழியிலுள்ள கண்மாய்களை எல்லாம் நிரப்பிவிட்டு, மிச்சம் இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் நதிக்கே இல்லாத கடல் ஆசை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. கடைசியில், குமுளி ஏறி இறங்கிக் கொச்சி போவது என்று தீர்மானமானது. அங்கே போல்காட்டியில் இந்த மாதிரிப் படகுகளைக் கட்டிவைப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது.

இதுவரை என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏங்க, இந்த வீடியோவுல அந்தம்மா எங்கன இருக்குன்னு பாத்தீங்களா?”

பார்த்தேன். அந்தம்மா கீழே அடுப்படியில் இருந்தார். அடுத்த வீடியோவிலும் அங்கேதான். அதற்கடுத்ததில், ஒரு கையால் தோசைத்திருப்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தாடிக்காரர் மேலே அதே தொலைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் அச்சில் தொங்கவிட்ட அடுப்பு அது. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு நேராகவே நிற்கும். பாத்திரம் நழுவாமலிருக்க மேலே கம்பித் தடுப்பு உண்டு. “அடுப்பு சாயாதுடி, எவ்வளவு வசதி பாரு” என்றேன். “அடுப்பு சாயாது, சரி. நான்?” என்றாள். அதற்கும் ஏற்பாடு இருந்தது. சமைப்பவர் விழாமலிருக்க இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை போட்டு அடுப்படியோடு மாட்டிக்கொள்ளலாம். அதை ஏன்தான் சொன்னேனோ. “அடுப்படியில பொம்பளையக் கட்டிப்போடுறதுக்கே பெல்ட்டு கண்டுபுடிச்சுட்டாங்களா?” என்று கேட்டவள், அந்த வாரம் முழுவதும் போனில் தன் வீட்டாருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பட்டை சமைப்பவருக்கு மட்டுமல்ல. படகின் இரு ஓரத்திலும் முன்னிருந்து பின்வரை ஒரு நாடாவை இழுத்துக் கட்டியிருப்பார்கள். பிள்ளைகள் மேல்தளத்துக்கு வந்தால் உடம்பில் வார்ப்பட்டை போட்டு அந்த நாடாவில் கொக்கியை மாட்டிவிட வேண்டும். ஓரக் கம்பிகளுக்கு வலை. இதைப் பார்த்த என் அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “ஏம்ப்பா, பச்சப்புள்ளைகள ஆட்டுக்குட்டி மாதிரி முளைக்குச்சியில கட்டிப்போட்டுட்டு அப்படி எந்த ஊருக்குப் போகணும்?”

எந்த ஊர் என்பதைவிட, எப்போது போய்ச் சேருவது என்பது பெரிய கேள்வி. இந்தப் படகுகள் நல்ல காற்றில் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் போகும். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் கம்பத்துக்கு நாலு மணி நேரம். அதுவும் காற்று தோதாக இருந்தால். எதிர்க்காற்றில் நேராகப் போகவே முடியாது. இடமும் வலமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்கு அட்லாண்டிக்கைக் கடக்க ஏறக்குறைய மூன்று வாரம். ராத்திரியில் வண்டியை ஓரம் கட்டித் தூங்க முடியாது. மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருவராக விழித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு மேல் என்னை எழுப்புவது எங்கள் தெருவில் யாராலும் ஆகாத காரியம். “அப்ப அந்த வாட்ச்மேன் வேலையும் எனக்குத்தான்” என்றாள் மனைவி, குறித்துக்கொள்கிறவள்போல.

வாந்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. என் மகள் மூன்றாவதிலேயே ஜன்னலைத் திறக்கச் சொல்வாள். கையில் எலுமிச்சம்பழம் இருந்தால் ஐந்தாவது வரை தாங்கும்.

இருந்தும் வீட்டில் படகுப் பேச்சு ஓயவில்லை. ஓயவைக்கலாம் என்று நினைத்துத்தான் ராபர்ட்சன் குடும்பத்துக் கதையை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தேன். டூகல் ராபர்ட்சன் முன்னாளில் சரக்குக் கப்பல் மாலுமி. பிறகு இங்கிலாந்தின் உள்நாட்டில், கடல் கண்ணில் படாத இடத்தில், பால்மாட்டுப் பண்ணை வைத்துப் பதினைந்து வருஷம் பாடுபட்டவர். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ரேடியோவில் பாய்மரப் பந்தயச் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னப் பையன் சொல்கிறான்: அப்பாதான் மாலுமியாச்சே, நாமும் உலகத்தைச் சுற்றினால் என்ன? அவ்வளவுதான். பண்ணையை விற்று, ‘லூசெட்’ என்ற பழைய மரப்படகை வாங்கி, 1971 ஜனவரியில் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து பிள்ளைகளோடு கிளம்பிவிட்டார். (வீட்டுப் பிள்ளைகள் காலை வேளையில் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இதனால்தான் சொல்கிறேன்.)

1972 ஜூன் 15. கலாபகஸ் தீவுகளுக்கு மேற்கே பசிபிக்கில், திமிங்கலக் கூட்டம் ஒன்று வந்து மோதியது. படகு ஓரிரு நிமிஷத்தில் தண்ணீருக்குள் போய்விட்டது. தப்பியவர்கள் ஆறு பேர்: டூகல், மனைவி லின், பெரிய மகன், இரட்டையர்கள் இருவர், வழியில் ஏறிக்கொண்ட ஒரு மாணவர். ரப்பர் தெப்பம் பதினேழு நாளில் பயனில்லாமல் போனது. பிறகு ஒன்பதடி நீளச் சிறு படகில் ஆறு பேரும். மழைநீர், மீன், ஆமைக்கறி, ஆமை ரத்தம். 38-ஆம் நாள் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் அவர்களைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. ஆறு பேரும் உயிரோடு.

பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று பார்த்தால், மகன் “திமிங்கலம் எத்தனைப்பா?” என்று கேட்டான். என் மனைவிக்கு வேறொன்று வேண்டியிருந்தது. “மூழ்கும்போது என்னத்தையெல்லாம் எடுத்தாங்க?”

எடுத்துவந்த சாமான்களில் லினின் தையல் கூடை ஒன்று. கத்தரி, ஊசி, நூல். கடலுக்கு நடுவே அதன் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள். என் மனைவி யோசிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். பிஸ்கட் என்று நினைத்துத் திறந்து நானும் பிள்ளைகளும் வருஷக்கணக்காக ஏமாந்துவரும் டப்பா. உள்ளே ஊசி, நூல்கண்டு, கொக்கி, ஊக்கு, ரவிக்கைப் பொத்தான். “இது எங்க இருக்கும்னு உங்களுக்கு என்னைக்காவது தெரிஞ்சிருக்கா? படகு கவுந்தா நீங்க எதை எடுப்பீங்க, சார்ஜரையா?”

சார்ஜரைத்தான் எடுப்பேன். சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. லின் நர்ஸாக வேலை பார்த்தவர். மழைநீர் போதாமல் நாக்கு வறண்டு கிடந்த நாட்களில், ஆமை ரத்தமும் அழுக்கும் கலந்த தண்ணீர் கொஞ்சம் இருந்தது. குடித்தால் வயிறு கெடும். ஆனால் பின்வழியாகச் செலுத்தினால் குடல் தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கையிலிருந்த குழாய்த் துண்டை வைத்துக்கொண்டு, நடு பசிபிக்கில், அலைகளுக்கு மத்தியில், தன் குடும்பத்துக்கு எனிமா கொடுத்தார்.

என் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்து உருண்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. பள்ளிக்கூட லீவு விட்டால் பேரன் பேத்திக்கு விளக்கெண்ணெய் கொடுக்கத் துடிக்கிறவர் அவர். நானும் மனைவியும் டாக்டரைச் சொல்லித் தடுத்துவருகிறோம். “அவதான்டா கெட்டிக்காரி. புள்ளைகளைக் கரை சேத்தது கப்பலா? வயித்தைப் பாத்துக்கிட்டவ சேத்தா” என்றவர், மறுநாள் காலை விளக்கெண்ணெய்ப் புட்டியோடு வந்து நின்றார். இங்கிலாந்துக்காரி ஒருத்தி செய்தது என்றான பிறகு எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. பிள்ளைகளின் கடல் ஆசையில் பாதி அன்றைக்குப் போய்விட்டது.

மீதிப் பாதி போகாமல் இருப்பதற்கு லாரா டெக்கர் காரணம். நியூஸிலாந்தில் பெற்றோரின் படகு நின்றிருந்தபோது பிறந்த ஹாலந்துக்காரப் பெண். தனியாக உலகத்தைச் சுற்றிவருவேன் என்று பதின்மூன்று வயதில் சொல்ல, ஹாலந்து நீதிமன்றம் தடுத்தது. விடாமல் நின்று 2012 ஜனவரியில், பதினாறு வயதில் சுற்றி முடித்தார். என் மகளுக்கு இது வேதவாக்கு. அம்மாவுக்கோ, அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் எது, குலதெய்வம் எங்கே என்று கவலை. “நாளைக்கு நம்ம புள்ளையப் பொண்ணு கேட்டு வர்றவன் எந்த ஊருன்னு கேட்டா, அட்லாண்டிக்குன்னா சொல்ல முடியும்? வருசத்துக்கு ஒரு தடவ வீரப்ப அய்யனார் கோயிலுக்கு எதுல வருவ?” இந்தக் கேள்விக்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை.

எனக்கு நம்பிக்கை கொடுத்தது பாண்டிச்சேரி ரூபா அழகிரிசாமி. கேரளத்து தில்னாவோடு ‘தாரிணி’ என்ற கடற்படைப் பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பிவந்தார். படகில் இரண்டே பெண்கள். இதை மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதுல ஒரு ஆம்பளையும் இல்லாததாலதான் ஒழுங்கா வந்து சேந்திருக்காங்க” என்றாள். அதன் பிறகு, கொச்சி போவதானால் தானே கேப்டன், நான் அடுப்படி என்று நிபந்தனை போட்டாள். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

படகுக் குடும்பத்தார் எல்லாருமே ஒரு விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள்: பிள்ளைக்கு முதலில் நீச்சல், அப்புறம்தான் மற்றது. அதனால் சின்னமனூரில் இருக்கும் என் மச்சினன் தோட்டத்துக் கிணற்றில் வகுப்பு ஆரம்பமானது. இந்தப் பக்கத்து முறைதான். முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மாமன் கையில். மாமன் மோட்டார் ரூம் மேலிருந்து தூக்கிப் போடுவார். பிள்ளை அலறிக்கொண்டே நாலு கை அடிக்கும். மூன்றாம் நாள் அலறல் குறையும். பத்தாம் நாள் குடுக்கையை எடுத்துவிடுவார்கள். மகன் இப்போது சுவரைத் தொட்டுத் திரும்புகிறான். மகளுக்குக் குடுக்கை இன்னும் இருக்கிறது, ஆனால் பயம் இல்லை. மனைவிக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அவள் வளர்ந்ததே அந்தக் கிணற்றில்தான்.

எங்கள் வீட்டில் நீச்சல் தெரியாத ஒரே ஆள் தாடி வளர்த்துக்கொண்டிருக்கிறார். கிணற்றுப் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருக்கும் அவரை மச்சினன் தூக்கிப் போட மறுக்கிறார், கயிறு தாங்காதாம். கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீர் நிற்கிற அகலமான கிணறும், நாற்பது தாண்டிய ஆளுக்குச் சிரிக்காமல் சொல்லிக்கொடுக்கும் பொறுமையும் உள்ளவர்கள் யாராவது இருந்தால் தகவல் சொல்லுங்கள். சுரைக்குடுக்கை நானே கொண்டுவந்துவிடுகிறேன்; பெரிய சைஸ்.