கிளிக்கு முதல் மார்க்

வாரும் வாத்தியாரே, உக்காரும். உம்ம வகுப்புல இந்த வருசமும் தமிழ்ல எல்லாரும் பாஸாமே! சங்கரன்கோவில் தேரடி பூரா இதே பேச்சுதான். நம்ம கோமதியம்மாளே ஒத்தக்கால்ல தவசு நின்னுதான் நினைச்சதை வாங்கினா. உம்ம பிள்ளைக பாட்டை வாசிக்காமலே அதுக்கு நயம் பாராட்டிட்டு வாரானுகளே, இந்த வித்தை அம்மனுக்கும் தெரியாதுவே!

எம் பேரன் நோட்டைப் பாத்தேன். திரண்ட கருத்து, மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, சந்தம், அணின்னு தலைப்பு வரிசை கட்டி நிக்கி. மோனைன்னா "காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை"ன்னு ஒரு யானையக் கூட்டியாந்து விட்டுருக்கீரு. மழையப் பத்தின பாட்டுக்கும் அந்த யானைதான், ஒப்பாரிக்கும் அதே யானைதான். கடைசியில, கவிஞர் நம்ம உள்ளத்தக் கொள்ளை கொண்டுட்டாருன்னு முடியுது. "ஏலே, எதைல கொள்ளை கொண்டாரு?"ன்னு கேட்டேன். "அது தெரியாது தாத்தா, எழுதுனா மார்க்கு உண்டு"ன்னான். விவரமான பய!

அதனால சொல்லுதேன், இப்படியே ஓட்டும். பழைய படிப்புப் பக்கம் மட்டும் தலைவச்சுப் படுத்துராதீரு. அதுல ஏகப்பட்ட தொந்தரவு.

முதத் தொந்தரவு, பாட்டை வாசிக்கணும். வாய்விட்டு வாசிச்சு, மனசுல ஏத்தி, சந்தி பிரிச்சு, எந்தச் சொல்லு எதோட போய்ச் சேருதுன்னு கொண்டுகூட்டிப் பாக்கணும். பவணந்தியாரு நன்னூல்ல காண்டிகை உரைக்கு அஞ்சு சொல்லுதாரு: கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை. எடுத்துக்காட்டைத்தான் காட்டுங்காரு. வினாவும் விடையும் உரைக்குள்ளயே கிடக்கு பாரும். இந்தச் சொல்லு இங்க எதுக்கு, வேற சொல்லு வச்சா என்ன கெட்டுப்போகும்னு கேட்டு, அதுக்குப் பதிலும் சொல்லணும். பிள்ளைக இப்படிக் கேக்க ஆரம்பிச்சா உம்ம போர்ஷன் எப்ப முடிய?

ரெண்டாவது, உமக்கே மரியாதை குறைஞ்சிரும். வாத்தியாரு சொன்னதை அப்படியே வாங்கிக்கிட்டாலும் கால்வாசிப் புலமைதான் வருமாம். கூடப் படிக்கவனோட பழகிக் கால்வாசி. மிச்ச அரை, தான் அடுத்தவனுக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம். இதுவும் நன்னூல்தான். உம்ம வகுப்புல பக்கத்துப் பயகிட்ட வாயத் திறந்தா பெஞ்சு மேல ஏத்துதீரு. முக்கால்வாசிப் படிப்பு பெஞ்சு மேலயே நிக்கி!

மூணாவதுதான் பெரிய வில்லங்கம். மாணாக்கர்ல அன்னமும் பசுவும் தலையாம். மண்ணும் கிளியும் நடுவாம். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி நாலும் கடையாம். சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லுத கிளிக்கு நடு இடந்தான்வே. நீரு அதுக்கு முதல் மார்க்குப் போட்டு, மாலையும் போட்டுப் படம் பிடிச்சு பள்ளிக்கூட வாசல்ல மாட்டி வச்சிருக்கீரு. பவணந்தியாரு இந்தப் பக்கம் வந்தா என்ன செய்வீரு?

இதெல்லாம் வேத்தூருக் கதைன்னு தள்ளவும் வழியில்ல. அந்த நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயரை விருத்தியுரை எழுத வச்சது நம்ம பக்கத்து ஊத்துமலை ஜமீன் மருதப்பத் தேவர். நமச்சிவாயரு எழுதின உரையையும் விக்கிரமசிங்கபுரத்துச் சிவஞான முனிவர் சும்மா விடல. எடுத்துத் திருத்தி வச்சிட்டாரு. பெரியவுக எழுதியாச்சுன்னு கைகட்டி நிக்குத பழக்கமே அவங்ககிட்டக் கிடையாது. நம்ம ஊருச் சாமி கதையும் அதானே? சிவன் பெரிசா பெருமாள் பெரிசான்னு சங்கன், பதுமன்னு ரெண்டு நாகம் மல்லுக்கட்டப் போய்த்தான் நமக்கு சங்கரநாராயணரு கிடைச்சாரு. அந்த ரெண்டு பாம்பும் உம்ம வகுப்புல இருந்தா, "சத்தம் போடாதீக"ன்னு வெளிய நிறுத்தியிருப்பீரு.

பழைய படிப்புப் படிச்சா கற்பனை வத்திரும்னு ஒரு பேச்சும் உண்டு. பக்கத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரு திருவாவடுதுறை மடத்துக்குப் போயி, உ.வே.சாமிநாதையர்கிட்ட நன்னூலும் மாறன் அலங்காரமும் பாடம் கேட்டவரு. இலக்கணமும் அணியும் தலையில ஏத்திக்கிட்டவரு திரும்பிவந்து என்ன செஞ்சாரு? கழுகுமலை முருகனுக்குக் காவடிச் சிந்து பாடினாரு. 1891ல சின்ன வயசுலயே போயிட்டாரு. எழுத்து வாசனை இல்லாத சனமும் காவடி தூக்கி ஆடும்போது அவரு சிந்து இன்னும் ஆடுது. எங்கவே வத்துச்சு?

அந்தச் சாமிநாதையரு ஒருக்கா கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடி வந்தாரு. அங்க இருந்த பழைய ஏட்டையெல்லாம் சாஸ்திரப்படி நெய்யில தோய்ச்சு ஓமத்துல போட்டாச்சுன்னு சொல்லிட்டாங்க. கேட்டு அந்த மனுசன் என்ன பாடுபட்டாரோ! நமக்கு அந்த நெய்ச்செலவும் இல்ல. பாட்டைப் புத்தகத்துலயே பத்திரமா வச்சிட்டு, நோட்ஸை மட்டும் படிச்சு அதே காரியத்தை முடிச்சிருதோம்.

சரி, கேலி போதும். உம்மைச் சொல்லி என்ன? பரீட்சை கேக்குது, தலைமையாசிரியர் கேக்காரு, பெத்தவங்க கேக்காங்க. ஆனா வாரத்துல ஒரு பீரியடு உம்ம கையில இருக்குல்லா? அன்னிக்கு நோட்ஸை மூடும். நாலே வரி உள்ள பாட்டு ஒண்ணு போதும். மூணு தடவை வாய்விட்டு வாசிக்கச் சொல்லும். பிரிச்சுப் பொருள் சொல்லச் சொல்லும். "இந்தச் சொல்லு எதுக்குல இங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி போட்டுட்டு நீரு வாய மூடிக்கிடும். ஒருத்தன் தப்பாச் சொல்லுவான், அடுத்தவன் மறுப்பான், மூணாவது ஆளு ரெண்டு பேருக்கும் விளக்குவான். எதுகை மோனையெல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கிடலாம். அந்தப் பிள்ளைக மார்க்குலயும் குறைய மாட்டாங்க. பாட்டு தெரிஞ்சவனுக்கு நயம் எழுத யானை தேவையில்ல வாத்தியாரே.