நடுவில் கொஞ்சம் சத்தத்தைக் காணோம்

தியேட்டரில் ஒலி மொத்தமாகச் செத்துப்போனால் கவலையே இல்லை; டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விட்டு விட்டுப் போகிற ஒலிதான் உயிரை வாங்கும். "உங்கப்பனைக் கொன்னது யார் தெரியுமா?" என்கிறான் வில்லன். அடுத்து வாய் மட்டும் அசைகிறது. பின்னணியில் வயலின் ஜோராகக் கேட்கிறது. வசனம் வரும் நடு ஸ்பீக்கர் மட்டும் மௌன விரதம். விவரமான ரசிகர் இதை இயக்குநரின் பரிசோதனை என்று நினைத்துக்கொள்வார். மற்றவர்கள் "ஆப்பரேட்டர், சவுண்டு!" என்பார்கள்.

பிலிம் காலத்தில் இதற்கு மாற்று ஏற்பாடு இருந்தது. 1992இல் வந்த டால்பி டிஜிட்டல், பிலிமின் ஓரத் துளைகளுக்கு நடுவே பதிந்திருந்தது. அதைப் படிக்க முடியாவிட்டால், கருவி சத்தமில்லாமல் பக்கத்திலிருந்த பழைய அனலாக் தடத்துக்குத் தாவிவிடும்.

இப்போது எல்லாம் சர்வர். லட்சக்கணக்கில் விலை போகும் கருவிகளை இணைப்பது, பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்த ஒரு கேபிளாக இருக்கலாம். அல்லது ஆம்ப்ளிஃபயரின் விசிறியைத் தூசு அடைத்து, மாலைக் காட்சியில் சூடேறி, அது தற்காப்புக்காக வாயை மூடும். டெக்னீஷியன் வருவதோ காலையில்; அப்போது எல்லாம் ஜில்லென்று வேலை செய்யும்.

"நடு சேனலையும் இடது சேனலையும் மாத்திப் போட்டுப் பாப்போம் சார். கோளாறு இடது பக்கம் போச்சுன்னா நடு ஸ்பீக்கர் மேல தப்பில்லை."

ரேக்கின் மேல் வைத்த எலுமிச்சம்பழத்தைச் சரிசெய்தபடி முதலாளி சொன்னார்: "இப்ப நல்லாத்தானே ஓடுது? எதுக்குத் தொடுறீங்க?"