வங்காள விரிகுடாவிடம் விளக்கம் கோரும் கடிதம்

பெறுநர்: வங்காள விரிகுடா, எண்ணூர் முகத்துவாரம் வழியாக.
பொருள்: முன்னனுமதியின்றிக் குடியிருப்புகளுக்குள் நுழைவது – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

கடலம்மா,

தங்கள் மட்டம் ஆண்டுதோறும் உயர்வதாக விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். உயரும் முன் யாரிடம் ஒப்புதல் பெற்றீர்கள்?

தங்களைத் தடுக்க நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்பது அபாண்டம். 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று மறு ஆண்டே ஆய்வு வந்தது. உடனே மரம் நடக் கிளம்பினோம். மணல்மேடுகள் கோணல்மாணலாகக் கிடந்தன. புல்டோசர் விட்டுச் சமன்செய்தோம். அடும்பும் இராவணன் மீசையும் காலங்காலமாக மணலைப் பிடித்துவைத்திருந்தனவாம். எந்த டெண்டரில்? வழித்தெறிந்துவிட்டு வரிசையாகச் சவுக்கு நட்டோம். முட்டையிட இடமில்லாத ஆமைகள் தனியே மனு கொடுக்கலாம்.

மரம் பிடிக்காவிட்டால் கல். புதுச்சேரியில் 1989-இல் துறைமுகத் தடுப்பு எழுந்ததும் வடக்கே போகும் மணல் நின்றது, கரை அரித்தது. கல் கொட்டினோம். அதற்கும் வடக்கே இருந்த கரை அரித்தது. அங்கும் கல். மணலைத் தவிர ஒப்பந்தம் உட்பட எல்லாமே வடக்கு நோக்கி நகர்கிறது.

இனி எண்ணூர். மழைவெள்ளத்தை வாங்கிக்கொள்ளவும், தாங்கள் பொங்கினால் தங்களை வாங்கிக்கொள்ளவும் அங்கே ஒரு கழிமுகம் சும்மா கிடந்தது. எங்களுக்குச் சும்மா கிடப்பது ஆகாது. துறைமுகத்துக்குத் தோண்டிய மண்ணைச் சதுப்பில் கொட்டினோம். அனல்மின் நிலையச் சாம்பல் குழாயை உடைத்துக்கொண்டு கொசஸ்தலையாற்றில் இறங்கியது. படகு போன இடத்தில் இன்று ஆள் நடக்கிறான், பாலம் கட்டும் செலவு மிச்சம். 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருந்த கழிமுகம், பிறகு தகவல் கேட்டவர்களுக்குக் கொடுத்த வரைபடத்தில் இல்லை. தாளில் இல்லாததை எப்படி அழிக்க முடியும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. மூச்சுவிடச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அலையாத்தி வேர்களில் அப்பியது. வாளியாலும் வெறுங்கையாலும் அள்ளியவர்கள் மீனவர்கள். சமூகப் பங்கேற்பு என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம்.

மிச்சமிருக்கும் சேற்றில் பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளக் கன்று நடும் விழா நடத்தினோம். ஓதம் ஏறி இறங்க வழியை அடைத்துவிட்டு அலையாத்தி நட்டால் பிழைக்குமா என்று குப்பத்துப் பெரியவர் ஒருவர் குறுக்கே பேசினார். பந்தலுக்கு வெளியே உட்காரவைத்தோம். கன்று படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது. அடுத்த ஆண்டும் அதே குழியில் நடலாம், தோண்டும் கூலி மட்டும் புதிதாக எழுதிக்கொள்வோம்.

ஆகவே ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும். நுழைந்தே தீருவேன் என்றால் துறைமுகத்தையும் மின்நிலையத்தையும் விட்டுவிட்டுக் குப்பங்கள் வழியாக நுழையவும். தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று முன்பே கோப்பில் எழுதிவைத்திருக்கிறோம். இழப்பீட்டுப் பிரச்சினை எழாது.