வெளியூர் ஆட்டமும் சச்சரவு அழிவின்மை விதியும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆராயாத பொருள் என்று ஒன்று இல்லை. ஆனால் அதே பல்கலைக்கழகங்களின் கால்பந்து அணி வெளியூரில் ஆடும்போது, அதைப் பார்க்க நான்கு பேர் ஒரே காரில் கிளம்பி, பேச்சுவார்த்தை முறியாமல் போய்ச் சேர்வது எப்படி என்பதை யாரும் முறையாக எடுத்து எழுதியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நூற்பயன் என்ன என்று கேட்பார்க்கு: படிப்பவர் வீடுபேறு அடையாவிட்டாலும், வீடாவது வந்து சேர்வார்.

பொருளின் எல்லையை முதலில் வகுத்துவிடலாம். இங்கே பேசப்படுவது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசிச் சனிக்கிழமையோடு வழக்கமான ஆட்டங்கள் முடியும். ஓர் அணிக்குப் பன்னிரண்டு ஆட்டம். அவற்றில் ஏறத்தாழப் பாதி வெளியூரில். உள்ளூர் ஆட்டத்துக்குச் செருப்பை மாட்டினால் போதும், அதில் ஆராய ஒன்றும் இல்லை. வெளியூர்ப் பயணங்களில் மாதிரிக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரிலிருந்து ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பஸுக்குச் சுமார் 190 மைல். இரண்டு அணிகளும் முதன்முதலில் மோதியது 1897-ல். ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆன் ஆர்பரில் ஆட்டம், இரட்டைப்படை ஆண்டுகளில் கொலம்பஸில். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இதைவிடப் பெரிய பகை இல்லை என்பர். அதை மறுப்பவர்கள் அலபாமாவில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இங்கே இடமில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட காரில் இருப்பவர்கள் ஆன் ஆர்பருக்கு மேற்படிப்புக்கு வந்த நான்கு தமிழ்ப் பிள்ளைகள். இத்தகைய காரில் பயணியர் நால்வகைப்படுவர்: கார் வைத்திருப்பவன், டிக்கெட் வாங்கியவன், வழி சொல்பவன், தூங்குபவன். ஐந்தாவதாக ஒருவனை ஏற்றலாமா என்றால், பின்சீட்டின் நடுவில் உட்கார்பவனுக்குக் கால் வைக்க இடமில்லை. எனவே அவனுக்குக் கருத்துச் சொல்லவும் உரிமையில்லை. அப்படிப்பட்ட தமிழன் இன்னும் பிறக்கவில்லை.

இனி விதி. பள்ளியில் ஆற்றல் அழிவின்மை விதி படித்திருப்பீர்கள். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத்தான் முடியும். வெளியூர் ஆட்டப் பயணத்தில் சச்சரவும் அப்படியே. அதன் மொத்த அளவு மாறாது. ஓரிடத்தில் மிச்சம் பிடித்தால் இன்னோரிடத்தில் வந்து நிற்கும். நல்ல திட்டம் போட்டால் சண்டை வராது என்று நம்புகிறவர்கள் இந்த விதியை அறியாதவர்கள். நல்ல திட்டம், சண்டை வரும் இடத்தை மாற்றும். அவ்வளவுதான்.

சான்றுக்கு நேரத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கல்லூரி ஆட்டங்களின் தேதி வருடக்கணக்கில் முன்பே தெரியும், நேரம் தெரியாது. அதை முடிவு செய்வது தொலைக்காட்சி நிறுவனங்கள். வழக்கமாகப் பன்னிரண்டு நாள் முன்னால் அறிவிப்பார்கள். சிலசமயம் ஆறே நாள் முன்னால். நண்பகலா, மாலை மூன்றரையா, இரவு ஏழரையா என்று தெரியாமலே மாதக்கணக்கில் முன்பாக ஓட்டல் அறை பிடிக்க வேண்டும். கல்லூரி ஊர்களில் ஆட்ட வாரத்தில் ஓட்டல்காரர்கள் இரண்டு இரவுக்குக் குறைந்து அறை தருவதில்லை, வாடகையும் மூன்று நான்கு மடங்காகும். இந்த நிலையில் திட்டம் போடுகிறவனிடம் வீட்டிலிருந்து அம்மா போனில் கேட்பாள்.

"எத்தனை மணிக்குப்பா ஆட்டம்?"

"தெரியலம்மா."

"எப்பத் தெரியும்?"

"அதுவும் தெரியலம்மா."

"அப்புறம் எதுக்குப்பா பணத்தக் கட்டின?"

இந்தக் கேள்விக்கு விடை இத்துறையில் இன்னும் கண்டறியப்படவில்லை.

நமது மாதிரி ஆட்டத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. மிச்சிகன் - ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம் நண்பகல் பன்னிரண்டுக்குத் தொடங்குவது மரபு. அப்படியானால் நேரச் சச்சரவு ஒழிந்ததல்லவா, விதி பொய்த்ததல்லவா என்று ஐயுறலாம். பொய்க்கவில்லை, என்னை? நேரம் முன்பே தெரிந்துவிட்டபடியால் ஓட்டல் வேண்டாம், விடிகாலையில் கிளம்பிவிடலாம் என்று தீர்மானமாகிறது. தீர்மானமானதும், விடிகாலை என்பது எத்தனை மணி என்ற கேள்வி பிறக்கிறது. ஓட்டலில் மிச்சம் பிடித்த சச்சரவு முழுவதும் அசலும் வட்டியுமாக இங்கே வரவாகிறது.

இதில் இரு பிரிவினர் உளர். வடகலை தென்கலை போல இவர்கள் சமரசம் ஆனதாகச் சரித்திரம் இல்லை. ஐந்து மணிக்காரர் சொல்வது: வழி மூன்றரை மணி நேரம், கொலம்பஸுக்கு வடக்கே டெலவேர் ஊர்ப் பக்கம் சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டும், ஒன்பதுக்குமேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஏழு மணிக்காரர் சொல்வது: நவம்பர் கடைசியில் மிச்சிகனில் ஏழரைக்குத்தான் விடிகிறது, வாசல் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்க் குளிரில் உட்கார யாரும் வேண்டிக்கொண்டிருக்கிறார்களா? இருவருக்கும் பொதுவாக ஆறு மணி என்று முடிவாகும். கார் கிளம்புவது ஆறேமுக்காலுக்கு. தூங்குபவனின் இடது கையுறை கிடைக்காததே காரணம் என்று ஐந்து மணிக்காரர் குறித்து வைப்பர். அந்தக் குறிப்பு டொலிடோவில் எடுத்துப் படிக்கப்படும்.

டொலிடோ இந்த ஆய்வில் தனி இடம் பெறும் ஊர். ஆன் ஆர்பரிலிருந்து தெற்கே சுமார் ஐம்பது மைலில், மாநில எல்லையைத் தாண்டியதும் வருவது. 1835-ல் இந்த ஊரும் இதை ஒட்டிய நிலத்துண்டும் எனக்கே என்று ஒஹாயோவும் எனக்கே என்று மிச்சிகனும் படை திரட்டின. டொலிடோ யுத்தம் என்று பெயர். யுத்தத்தில் சிந்திய ரத்தம் கிட்டத்தட்ட ஒரே ஆளுடையது: மிச்சிகன் தரப்பு அதிகாரி ஒருவரைப் பேனாக்கத்தியால் குத்தினார்கள், அவரும் பிழைத்துக்கொண்டார். முடிவில் டொலிடோ ஒஹாயோவுக்குப் போனது. மிச்சிகனுக்கு வடக்கே மேல் தீபகற்பமும், 1837-ல் மாநிலத் தகுதியும் கிடைத்தன. மேல் தீபகற்பத்தில் பின்னால் செம்பும் இரும்பும் குவியல் குவியலாக வெட்டி எடுத்தார்கள். பஞ்சாயத்தில் யார் ஜெயித்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதை டொலிடோ பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு உரக்கச் சொல்ல வேண்டாம்.

பெட்ரோல் பற்றி மரபில் ஒரு கதை உண்டு. ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு 1951 முதல் 1978 வரை பயிற்சியாளராக இருந்தவர் வூடி ஹேஸ். மிச்சிகன் என்ற பெயரைக் கூடச் சொல்ல விரும்பாமல், ‘வடக்கே இருக்கும் அந்த மாநிலம்’ என்றே குறிப்பிட்டவர். ஒருநாள் இரவு மிச்சிகனிலிருந்து திரும்பும்போது பெட்ரோல் தீரும் நிலையில், இந்த மாநிலத்தில் ஒரு காசுகூடச் செலவழிக்க மாட்டேன், வேண்டுமானால் வண்டியை எல்லை வரை தள்ளிக்கொண்டு போகலாம் என்றாராம். வரலாறு என்பாரும் கட்டுக்கதை என்பாரும் உளர். எதுவானாலும் நம் ஆய்வுக்கு அதன் மதிப்பு குறையாது. காரில் கூட வந்தவர்கள் அப்போது என்ன சொன்னார்கள் என்பதைத்தான் யாரும் பதிவு செய்யவில்லை. சச்சரவு ஆய்வுக்கு அது பேரிழப்பு.

டொலிடோவுக்குத் தெற்கே இன்னொரு குறி தென்படும். காபி வாங்க வரிசையில் நிற்கும்போது யாரோ ஒருவர் சும்மா இருக்காமல் "ஓ! எச்!" என்று கத்துவார். கடையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஐ! ஓ!" என்பார்கள். மாநிலத்தின் பெயரை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும் சடங்கு அது. மஞ்சளும் நீலமுமாக உடுத்திய நம் நால்வர் அப்போது காபிக் கோப்பையின் மூடியை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். கொலம்பஸ் வளாகத்தில் இன்னும் விசேஷம். அந்த வாரம் முழுக்கப் பெயர்ப்பலகைகளில் உள்ள ‘எம்’ எழுத்தின்மேல் எல்லாம் சிவப்பு நாடா ஒட்டி அடித்திருப்பார்கள். வழி சொல்பவன் பலகை பார்த்து வழி சொல்லும் பழைய பள்ளியைச் சேர்ந்தவனானால், இந்த ஓர் இடத்தில் அவன் தடுமாறலாம், மன்னிக்கத்தக்கது.

வண்டி நிறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரி ஊர்களில் அரங்கத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் புல்தரையையே வாடகைக்கு விடுவார்கள். அட்டைப் பலகையில் மார்க்கர் பேனாவால் தொகை எழுதி, பத்து வயதுப் பையன் ஒருவன் சாலையோரம் நின்று ஆட்டிக்கொண்டிருப்பான். அரங்கத்தை நெருங்க நெருங்கத் தொகை ஏறும். கார் வைத்திருப்பவன் ‘இன்னும் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கலாம்’ என்பான். டிக்கெட் வாங்கியவன் ‘இங்கேயே போட்டுடு மச்சான்’ என்பான். மூன்று சுற்றுச் சுற்றி வந்து, முதலில் பார்த்த பையனிடமே அதிகத் தொகைக்கு நிறுத்துவது இத்துறையின் நிலைபெற்ற முடிவு. அவன் அட்டையை இதற்குள் திருப்பிப் பிடித்திருப்பான்.

பையைப் பற்றிய விதிகள் சுருக்கமானவை. பல அரங்குகளில் உள்ளே கொண்டுபோகும் பை உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில், 12 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 12 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். சில அரங்குகளில் அதுவும் கூடாது. எனவே புளியோதரையை வண்டியின் டிக்கியைத் திறந்து வைத்து வெளியிலேயே முடித்துவிட வேண்டும். பக்கத்துக் காரில் பன்றி இறைச்சி சுட்டுக்கொண்டிருப்பவர் வந்து ஒரு வாய் கேட்பார். கொடுத்துவிடுங்கள், ஊர்ப்பகை இதில் வராது. டிக்கெட் போனில்தான் இருக்கும். லட்சம் பேர் ஒரே இடத்தில் நின்று போனைத் திறந்தால் சிக்னல் கிடைக்காது என்பதால், முதல் நாளே இறக்கி வைக்காத டிக்கெட்காரன் வாசலில் படும் பாட்டைப் பார்ப்பதற்கே தனியாக ஒரு டிக்கெட் போடலாம்.

குளிர் விஷயத்தில் ஒரு புறனடை. 1950 நவம்பர் 25-ல் இதே கொலம்பஸில் இதே இரு அணிகளும் பனிப்புயலில் ஆடின. கோடு தெரியவில்லை, பந்து தெரியவில்லை. பந்தை வைத்திருப்பதைவிட எதிரியிடம் உதைத்து அனுப்புவதே மேல் என்று முடிவு செய்து, இரு தரப்பும் சேர்ந்து 45 முறை உதைத்துத் தள்ளின. தொடர்ந்து பத்து கஜம் முன்னேறினால் கிடைக்கும் ஃபர்ஸ்ட் டவுன் மிச்சிகனுக்கு ஆட்டம் முழுக்க ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு பாஸைக்கூட அவர்கள் பிடிக்கவில்லை. ஆனாலும் 9-3 என்று ஜெயித்தார்கள். ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆட்டத்தைப் பார்க்கத்தான் வெளியூர் போகிறோம் என்று வாதிடுவோர் இந்த ஐம்பதாயிரம் பேருக்கு என்ன விளக்கம் சொல்வார்கள்? நடைமுறைக் குறிப்பு ஒன்றே: அரங்கத்தின் சிமெண்ட் தரையிலிருந்து கால் வழியாகத்தான் குளிர் ஏறும், ஆகவே ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன்மேல் நில்லுங்கள். விலையுயர்ந்த பூட்ஸைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

விதிக்கு வலுவான சான்று 2024 ஆட்டம். மிச்சிகன் தோற்கும் என்றே எல்லாரும் கணித்திருக்க, கொலம்பஸில் 13-10 என்று ஜெயித்தது. ஜெயித்தவர்கள் மைதான நடுவில் தங்கள் கொடியை நட்டார்கள், தோற்றவர்கள் பாய்ந்தார்கள், கைகலப்பானது, போலீஸ் பெப்பர் ஸ்பிரே அடித்தது. இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம். அன்றைய சச்சரவு முழுவதும் மைதானத்திலேயே செலவாகிவிட்டபடியால், வடக்கே திரும்பிய கார்கள் எல்லாம் அமைதியாகத்தான் போயிருக்க வேண்டும் என்பது விதியிலிருந்து நேரே கிடைக்கும் முடிவு.

காரே வேண்டாம், வேறு வழியில் போகலாம் என்றால்? டென்னசி பல்கலைக்கழகத்தின் நெய்லண்ட் அரங்கம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1962-ல் ஜார்ஜ் மூனி என்ற வானொலி வர்ணனையாளர் போக்குவரத்து நெரிசலுக்கு அஞ்சிப் படகில் வந்து இறங்கினார். இன்று ஆட்ட நாளில் அங்கே படகுகளே நெரிசல். விமானம் என்றால், 2024 முதல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் சியாட்டிலின் வாஷிங்டனும் ஒரே லீக்கில் ஆடுகின்றன. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பறக்க வேண்டும். நடுசீட்டு யாருக்கு என்ற கேள்வி அங்கே காத்திருக்கிறது. விதி வாகனம் பார்ப்பதில்லை.

திரும்பும் வழியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இருட்டில் மூன்றரை மணி நேரம். செலவைப் பங்கு பிரிக்கும் ஸ்பிளிட்வைஸ் செயலியில் கணக்குப் போடும் நேரம். தூங்குபவன் இரண்டாவது முறை பெட்ரோல் போட்டபோது விழித்திருந்தானா என்பது மட்டுமே தீராத வழக்கு.

முடிவாக, இந்த ஆய்வு காட்டும் ஒரே பயன்பாடு இது. சச்சரவை ஒழிக்க முடியாது என்றால், யாருக்கும் சேதமில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து முழு அளவையும் அதிலேயே செலவழித்துவிட வேண்டும். அடுத்த இரட்டைப்படை ஆண்டு நவம்பரில் கொலம்பஸ் கிளம்பும் தமிழர்கள், கார் நெடுஞ்சாலையில் ஏறியதுமே இளையராஜாவா ஏ.ஆர்.ரஹ்மானா என்று ஆரம்பித்துவிடுங்கள். 190 மைல் தாராளமாகத் தாங்கும். வண்டி நிறுத்த எவ்வளவு கேட்டாலும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு இறங்குவீர்கள்.